உங்களுக்குத் தெரியுமா? தகுதிச் சுற்றில்தான் முதல் ஓட்டம்!

2010 ஃபார்முலா 1 சீசனுக்கு 13 அணிகள் பட்டியலில் இருந்தன. களத்துக்கு வந்தவை 12தான். அமெரிக்காவின் யு.எஸ். எஃப்1 அணி ஒரு பந்தயத்தில்கூட ஓடாமலே கலைந்தது. பணமுடையில் தள்ளாடிய ஸ்பெயினின் காம்போஸ் அணி, பிப்ரவரியில் கைமாறி, ‘ஹிஸ்பானியா’ என்ற புதுப் பெயரில் கடைசி நேரத்தில் தப்பித்தது.

சீசனுக்கு முன் காரை ஓட்டிப் பார்க்க நேரமே இல்லை. முதல் பந்தயம் பஹ்ரைனில். அங்கே போன பிறகும், அந்த அணியின் ஓட்டுநர், சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கின் காருக்குப் பாகங்கள் பூட்டும் வேலை முடியவில்லை. மூன்று பயிற்சி அமர்வுகளும் கைநழுவின. மார்ச் 13 அன்று தகுதிச் சுற்றில்தான் அவர் முதன்முதலாக அந்தக் காரை ஓட்டினார். மறுநாள் பந்தயத்திலோ, இரண்டாவது சுற்றிலேயே விபத்தில் சிக்கி வெளியேறினார்!