படத்தை விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள்

கிளமெண்டியில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் மளிகைக் கடைக்கு ஒரு சனிக்கிழமை காலை பால் வாங்கப் போயிருந்தேன். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் பலகாரப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே இருந்த பெட்டியின் மூடியில் நான் எடுத்த படம்!

தேக்காவில், பஃப்ளோ சாலைப் பூக்கடையில் மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருக்கும் அக்காவின் படம் அது. நரைத்த தலை, குனிந்த முகம், நூலைச் சுற்றும் விரல்கள். நான் எடுத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த படங்களில் ஒன்று. முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சேர்மானங்கள், காலாவதித் தேதி, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருந்தன. என் பெயர் இல்லை.

மூன்று மாதங்களுக்கு முன்பு இன்ஸ்டகிராமில் ஒரு செய்தி வந்திருந்தது. “அருமையான படம். நாங்கள் பயன்படுத்திக்கொள்ளலாமா? உங்கள் பெயரைப் போடுகிறோம்.” நானும் “தாராளமாக!” என்று பதில் அனுப்பினேன். எதற்கு, எங்கே, எவ்வளவு நாளைக்கு என்று கேட்கவில்லை. நம் படத்தையும் ஒருவர் கேட்கிறாரே என்ற மகிழ்ச்சியில் அதெல்லாம் தோன்றவே இல்லை.

மறுவாரம் தேக்காவுக்குப் போனபோது அந்த அக்காவே கூப்பிட்டார். “தம்பி, பலகாரப் பெட்டியில இருக்கிறது நான்தானே? பக்கத்துக் கடைப் பிள்ளை கொண்டுவந்து காட்டுச்சு. எவ்வளவு கொடுத்தாங்க?”

“ஒன்னும் கொடுக்கலைக்கா.”

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சரத்தை வெட்டிக்கொண்டே, “காசு கெடக்கட்டும் தம்பி. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட என்னைப் போன்றவர்கள் ஒளி, கோணம், லென்ஸ் பற்றியெல்லாம் மணிக்கணக்காகப் பேசுவோம். எடுத்த படத்தை ஒருவர் கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் யோசிப்பதில்லை. அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

படம் யாருக்குச் சொந்தம்?

சிங்கப்பூரில் பதிப்புரிமைக்கு எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. படம் எடுத்த உடனே உரிமை தானாக வந்துவிடுகிறது. கைப்பேசியில் எடுத்தாலும் சரி, 5,000 வெள்ளி கேமராவில் எடுத்தாலும் சரி.

2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் இரண்டு முக்கியமான மாற்றங்களைக் கொண்டுவந்தது. முன்பெல்லாம் காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவருக்கே உரிமை போய்ச் சேரும். இப்போது, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை, எடுத்தவருக்கே உரிமை. நண்பரின் நிச்சயதார்த்தத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு படம் எடுத்துக் கொடுத்தாலும் அப்படித்தான். ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இடத்தில், அந்த வேலையின் பகுதியாக எடுத்த படம் பொதுவாக முதலாளிக்கே சொந்தம்.

இரண்டாவது, பெயர். ஒரு படத்தைப் பொதுவில் பயன்படுத்துபவர் எடுத்தவரின் பெயரைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்கிறது. ‘பெயர் போடுகிறோம்’ என்பதைச் சலுகைபோலச் சொல்கிறார்கள். அது அவர்கள் செய்தே ஆகவேண்டியது. அதைப் படத்துக்கான விலையாக ஏற்றுக்கொண்டது என் தவறு.

2020ல் கிளமெண்டி காட்டின்மேல் காலைப் பனிமூட்டம் படர்ந்த காட்சிகள் இணையத்தில் பரவியது பலருக்கு நினைவிருக்கும். நம் வட்டாரத்தில் இப்படி ஒரு காடா என்று வியந்தோம். அதைக் காப்பாற்ற வேண்டும் என்ற பேச்சும் வலுத்தது. எனக்கும் என் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் படங்கள் வந்தன. எதிலும் எடுத்தவர் பெயர் இல்லை. நானும் அப்படியே நாலு பேருக்கு அனுப்பினேன். அன்று அது எனக்கு உறுத்தவில்லை.

வீட்டை விற்பதா, அறையை வாடகைக்கு விடுவதா?

நம் ஊரில் எல்லோருக்கும் புரிந்த கணக்கு இது. வீட்டை விற்றால் சாவி போய்விடும். ஓர் அறையை வாடகைக்கு விட்டால் வீடு நம்முடையதாகவே இருக்கும். யார் தங்குவது, எத்தனை மாதம், சமைக்கலாமா என்பதை நாம் முடிவு செய்வோம்.

படமும் அப்படித்தான். உரிமையையே எழுதிக் கொடுப்பது வீட்டை விற்பது. அதற்குக் கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் தேவை. உரிமம் கொடுப்பது அறையை வாடகைக்கு விடுவது. பெரும்பாலான நேரங்களில் கேட்பவருக்குத் தேவைப்படுவது அறைதான்.

யாராவது படம் கேட்டால் இப்போது நான் நான்கு கேள்விகள் கேட்கிறேன். எங்கே பயன்படுத்துவீர்கள்: சமூக ஊடகத்திலா, சுவரிலா, பொட்டலத்திலா? எவ்வளவு காலத்துக்கு? எத்தனை பிரதிகள், எந்த நாடுகளில்? உங்களுக்கு மட்டுமா, மற்றவர்களுக்கும் நான் கொடுக்கலாமா? இந்த நான்குக்கும் பதில் வராமல் விலை சொல்வதில்லை.

எவ்வளவு கேட்பது?

இங்கேதான் நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பொழுதுபோக்குதானே, காசு கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சம். கணக்குப் போட்டு வைத்தால் கூச்சம் பாதி குறையும்.

என் கணக்கு இது. கேமராவும் லென்சும் 3,000 வெள்ளி. ஐந்து ஆண்டு உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 600 வெள்ளி. ஆண்டில் 40 நாள் படம் எடுக்கிறேன். நாளுக்கு 15 வெள்ளி. சுங்கை உலு பாண்டான் கால்வாய்க் கரையில் ஒரு கொக்குக்காக மூன்று மணி நேரம், வீட்டில் படத்தைச் சரிசெய்ய ஒரு மணி நேரம். மணிக்கு 30 வெள்ளி வைத்தால் 120. ஆக, என் அடிப்படை 135 வெள்ளி.

சின்னக் கடை ஒன்று தன் சமூக ஊடகத்தில் ஓராண்டு போட்டுக்கொள்ள அந்த அடிப்படை போதும். கடைச் சுவரிலும் மாட்டினால் ஒன்றரை மடங்கு. பொட்டலம், விளம்பரம் என்று போனால் மூன்று, நான்கு மடங்கு. ‘எங்களுக்கு மட்டும்’ என்றால் அந்தப் படம் இனி வேறு வாசலுக்குப் போக முடியாது. அந்த இழப்பையும் சேர்க்க வேண்டும். இவை என் எண்கள். நீங்கள் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

போன ஆண்டு கிளமெண்டியில் காப்பிக் கடை வைத்திருக்கும் ஒருவர் அந்தக் கொக்குப் படத்தைக் கேட்டார். சுவருக்கும் சமூக ஊடகத்துக்குமாக ஓராண்டுக்கு 200 வெள்ளி என்றேன்.

“என்ன தம்பி, ஒரு கிளிக்குக்கு 200 வெள்ளியா?”

“கிளிக்குக்கு இல்லண்ணே. ஒரு வருஷம் உங்க சுவத்துல தொங்குறதுக்கு. வாரத்துக்கு நாலு வெள்ளிகூட வரல.”

சிரித்தார். 180 என்றார். சரி என்றேன், ஆனால் சமூக ஊடகத்துக்கு ஆறு மாதம்தான் என்று மாற்றினேன். விலையைக் குறைக்கச் சொன்னால் பயன்பாட்டையும் கொஞ்சம் குறையுங்கள். வெறுமனே விலையைக் குறைத்தால், முதலில் சொன்னது பொய் விலை என்று ஆகிவிடும்.

பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினேன்: “கொக்குப் படம் ஒன்று. உங்கள் கடைச் சுவரில் ஒரு பிரதி, 12 மாதம். கடையின் சமூக ஊடகப் பக்கங்களில் 6 மாதம். என் பெயர் குறிப்பிடப்படும். படத்தை வெட்டவோ மற்றவருக்குக் கொடுக்கவோ கூடாது. பதிப்புரிமை என்னுடையது. கட்டணம் 180 வெள்ளி, படம் அனுப்பும் முன்.” அவர் ‘ஓகே’ என்று பதில் போட்டார். இரண்டு நிமிட வேலை. எதை ஒப்புக்கொண்டோம் என்பது இருவர் கைப்பேசியிலும் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. வேலை அனுமதி அட்டையில் இங்கே இருப்பவர்கள், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்போர் உட்பட, தங்கள் முதலாளிக்கு மட்டுமே வேலை செய்யலாம். பகுதிநேரமாகக் காசு வாங்கிப் படம் எடுக்கும் முன் மனிதவள அமைச்சின் விதிகளைப் பார்த்துவிடுங்கள். மற்றவர்களும் வேலை ஒப்பந்தத்தைப் புரட்டிப் பாருங்கள். வரும் காசை வருமான வரிக் கணக்கில் காட்ட மறக்காதீர்கள்.

படச் சந்தைகளும் இலவசமும்

நேரடியாகப் பேரம் பேசப் பிடிக்காதவர்கள் படச் சந்தைத் தளங்களில் போடலாம். அங்கே ‘ராயல்டி ஃப்ரீ’ என்ற சொல் பலரைக் குழப்பும். இலவசம் என்று பொருள் இல்லை. ஒருமுறை காசு கட்டியவர் மறுபடி மறுபடி பயன்படுத்தலாம் என்று பொருள். அடோபி ஸ்டாக் படங்களுக்கு 33 விழுக்காடு தருகிறது. ஷட்டர்ஸ்டாக் 2020ல் கொண்டுவந்த முறையில் 15 முதல் 40 விழுக்காடு. சில விற்பனைக்குக் கையில் வருவது 10 காசுதான், அதுவும் அமெரிக்கக் காசு. நூற்றுக்கணக்கில் படம் வைத்திருப்பவர்களுக்கே அது கட்டுப்படியாகும்.

இலவசமாகக் கொடுப்பதும் தவறில்லை. கோயில் தொண்டூழியத்துக்கும் பள்ளி ஆண்டு மலருக்கும் நான் காசு வாங்குவதில்லை. ஆனால் அதற்கும் அந்த நான்கு வரிச் செய்தியை அனுப்புகிறேன். ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தில் வணிகப் பயன்பாட்டைத் தவிர்க்கும் வகை உண்டு. ஒருமுறை அப்படிக் கொடுத்ததைப் பின்னர் திரும்பப் பெற முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேட்காமல் எடுத்தால்?

முதலில் ஆதாரத்தைப் பிடியுங்கள். எங்கே, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று திரைப்பதிவு எடுங்கள். அசல் கோப்பை எப்போதும் வைத்திருங்கள். அதன் விவரப் பகுதியில் உங்கள் பெயரும் பதிப்புரிமைக் குறிப்பும் இருக்கட்டும். பிறகு மரியாதையாக ஒரு கடிதம், கூடவே ஒரு விலைச்சீட்டு. பல விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடும். ஒப்புக்கொண்டு எடுத்துக் கொடுத்த வேலைக்குக் காசு வராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை, வழக்கறிஞர் இல்லாமல் கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

சில நேரம் தூரம் போக வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் வளர்ந்த ஒளிப்படக் கலைஞர் ஜிங்னா சாங், தன் படத்தைப் பார்த்து வரையப்பட்டது என்று ஓர் ஓவியத்தின்மேல் லக்சம்பர்க்கில் வழக்குப் போட்டார். 2022ல் தோற்றார். விடவில்லை. 2024 மே மாதம் மேல்முறையீட்டில் வென்றார். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது டேனியல் மோரெல் டுவிட்டரில் பகிர்ந்த படங்கள் அனுமதியின்றி உலகெங்கும் விநியோகிக்கப்பட்டன. 2013ல் நியூயார்க் நடுவர் குழு அவருக்கு ஏறத்தாழ 12 லட்சம் அமெரிக்க டாலர் இழப்பீடு வழங்கியது. இணையத்தில் போட்டுவிட்டால் அது பொதுச்சொத்து என்று சொல்பவர்களிடம் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லுங்கள்.

என் விவகாரம் அவ்வளவு தூரம் போகவில்லை. நிறுவனத்துக்கு எழுதினேன். பெயர் விட்டுப்போனதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். பெட்டியில் போட்டது பற்றிக் கேட்டபோது என் ‘தாராளமாக!’ பதிலையே எனக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள்மேல் கோபப்பட எனக்கு இடமில்லை. அடுத்த அச்சில் வேறு படம் போடச் சொன்னேன்; ஒப்புக்கொண்டார்கள்.

அக்காவின் கேள்விதான் பாக்கி. பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுப்பதற்கு இங்கே பொதுவாகத் தடையில்லை. ஆனால் அடையாளம் தெரியும் முகத்தை விளம்பரத்துக்குக் கொடுப்பதென்றால் அந்த மனிதரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்று படச் சந்தைகளே கேட்கின்றன. சந்தைகள் கேட்காவிட்டாலும் நான் கேட்டிருக்க வேண்டும்.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இனி யாராவது இந்தப் படத்தைக் கேட்டால் முதலில் உங்களைக் கேட்பேன், காசு வந்தால் பாதி உங்களுக்கு என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, நான் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார்.

“பாதியா?” என்றார். “படம் எடுத்தது நீதானே தம்பி. மூனுல ஒரு பங்கு போதும்.”

அடித்துத் திருத்திவிட்டு, அவரும் கையெழுத்துப் போட்டார்.