கடற்காற்றும் பழைய பெட்டகமும்

மாணவர்களே! திருச்செந்தூர், தூத்துக்குடி பக்கம் வசிப்பவர்களுக்குக் கடற்காற்றின் குணம் நன்றாகத் தெரியும். புதிய சைக்கிளில் சில மாதங்களிலேயே துரு ஏறிவிடும். ஜன்னல் கம்பிகள் செதில் செதிலாக உதிரும். ஆனால், கடற்கரை ஊர்களின் பழைய மரப்பெட்டகங்கள் சிலவற்றில், மூலைகளிலும் பூட்டைச் சுற்றியும் பித்தளைத் தகடுகள் அப்படியே இருப்பதைக் காணலாம். பித்தளை அழகுக்காக மட்டுமா? இல்லை, அதில் வேதியியலும் இருக்கிறது.

கடற்காற்றில் நுண்ணிய உப்புநீர்த் துளிகள் மிதந்து வருகின்றன. உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். இரும்பைவிட அதன் துரு அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே மரத்தில் அடித்த ஆணி துருப்பிடித்துப் பருக்கும்போது மரமே பிளந்துவிடுகிறது! பித்தளையோ செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அதன்மேல் உண்டாகும் மெல்லிய படலம் நன்றாக ஒட்டிக்கொண்டு, அரிப்பு உள்ளே பரவுவதைத் தாமதப்படுத்துகிறது.

ஐரோப்பாவில் இடைக்காலத்தின் இறுதியில் சித்திரம் செதுக்கிய ஓக் மரப் பெட்டகங்கள் செய்தார்கள். அவற்றுள் பலவற்றுக்கு இரும்புப் பட்டைகளே காவல். 1538இல் இங்கிலாந்தில், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் தொடர்பான மாதாகோவில் பதிவேடுகளைப் பூட்டுள்ள பெட்டகத்தில் வைக்குமாறு ஆணை பிறந்தது. ஓக் மரத்தில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி. ஈரத்தில் அது இரும்போடு சேர்ந்தால், ஆணியைச் சுற்றி நீலக்கறுப்புக் கறை படியும். கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே வினையால்தான்!

நீங்களே சோதித்துப் பாருங்கள். பால் சேர்க்காத கெட்டித் தேநீரில் துருப்பிடித்த ஆணி ஒன்றை ஓரிரு நாள் போட்டு வையுங்கள். தேநீர் கறுத்துவிடும். தேநீரிலும் டானின் இருக்கிறது அல்லவா? (சோதித்த தேநீரைக் குடிக்கக் கூடாது.)

முத்தும் துணியும் தேடி வந்த டச்சுக்காரர்கள் 1658இல் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றினர். அவர்கள் ஆட்சியில் இருந்த இலங்கைக் கரையோரத்தில், உள்ளூர் மரத்தில் பித்தளை பதித்த பெட்டகங்கள் செய்யப்பட்டன. நம் நாட்டுத் தேக்கும் பெட்டகத்துக்கு ஏற்றது. அதில் இயற்கையாகவே உள்ள எண்ணெய்ப் பொருள்கள் கறையானை விரட்டுகின்றன. மழையிலும் வெயிலிலும் அது அதிகம் உப்புவதோ சுருங்குவதோ இல்லை. பலகை முனைகளைப் புறாவின் வால்போல் விரித்து வெட்டி, ஒன்றோடொன்று கோத்துவிட்டால் ஆணியே வேண்டியதில்லை.

இப்படிப் பல தலைமுறை தாங்கிய பெட்டகம், பழுதுபார்க்கும்போது அடிக்கும் நாலு இரும்பாணியால் பாழாகிவிடலாம். உங்கள் பாட்டி வீட்டில் பழைய பெட்டகம் இருக்கிறதா? மூலைகளையும் இணைப்புகளையும் கவனியுங்கள். பழுது பார்ப்பதானால் பித்தளை ஆணியே போடச் சொல்லுங்கள். காரணம் கேட்டால் விளக்கிச் சொல்ல உங்களுக்குத்தான் தெரியுமே!