பெயர் மாற்றும் கலை
(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர், கணிப்பொறி அறிவியல் துறை)

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் அமைந்தது எனது ஊராகிய பொம்மையார்பாளையம். அதே சாலையில் மேலும் வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்களைக் காணலாம். எங்கள் ஊரில் கடலுக்குச் செல்லும் படகுகளின் பக்கத்தில் பதிவெண் எழுதியிருக்கும். ஒரே நிறமும் ஒரே நீளமும் கொண்ட பத்துப் படகுகள் கரையில் நின்றாலும், எது யாருடையது என்பதில் ஐயம் எழுவதில்லை. கணிப்பொறியில் உள்ள கோப்புகளுக்கு அத்தகைய ஒழுங்கு இல்லாவிடின் என்ன நேரும் என்பதை நான் பட்டு உணர்ந்தேன். அதைச் சக மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரையின் படங்கள்

என் பெரியப்பா திருமணங்களுக்குப் புகைப்படம் எடுப்பவர். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் ஊர்க் கரையையும் எடுத்து வந்தார். அதற்குக் காரணம் உண்டு. 1980களில் புதுச்சேரித் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இப்பகுதியில் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால், கடலோர மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே மிகுதியாக நகர்கிறது. சுவர்கள் அந்த ஓட்டத்தைத் தடுத்ததால், வடபுறத்துக் கரைகளுக்கு வர வேண்டிய மணல் குறைந்தது. புதுச்சேரி நகரில் தொடங்கிய அரிப்பு நாளடைவில் வடக்கே உள்ள மீனவர் ஊர்களையும் எட்டியது. எங்கள் ஊரும் அவற்றுள் ஒன்று.

ஆகவே பெரியப்பாவின் படங்கள் வெறும் நினைவுப் பொருள்கள் அல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப் பேரலைக்கு முன் கரை எங்கே இருந்தது, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடந்தபின் எங்கே நின்றது என்பதற்கு எங்கள் தெருவில் இருக்கும் சான்று அவையே. பழைய படச்சுருள் பிரதிகளை வருடியில் இட்டு எடுத்தவை, குறுந்தகடுகளில் இருந்தவை, இரண்டு எண்மக் கேமராக்களில் எடுத்தவை, கைபேசியில் எடுத்தவை என்று மொத்தம் 2,140 கோப்புகள், முப்பதுக்கும் மேற்பட்ட கோப்புறைகளில் சிதறிக் கிடந்தன. கணிப்பொறி படிக்கிறேன் என்பதனால் அவற்றை ஒழுங்குபடுத்தும் பணி என்னிடம் வந்தது.

ஏன் பெயர்கள் மோதுகின்றன?

எண்மக் கேமராக்கள் படங்களுக்குப் பெயரிட ஒரு பொது விதியைப் பின்பற்றுகின்றன. முதலில் நான்கு எழுத்துக் குறிகள், பின்னர் 0001 முதல் 9999 வரை ஓர் எண். 9999 முடிந்தால் மீண்டும் 0001. இரண்டு கேமராக்கள் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவையாயின் முதல் நான்கு குறிகளும் ஒன்றாகவே இருக்கக்கூடும். எனவே வெவ்வேறு நாளில், வெவ்வேறு இடத்தில் எடுத்த இரண்டு படங்கள் ஒரே பெயரைத் தாங்கி நிற்பது மிக இயல்பு. தனித்தனிக் கோப்புறையில் இருக்கும்வரை தொல்லை இல்லை. ஒன்று சேர்க்கும்போதுதான் தொல்லை.

பி.எச்.பி. என்னும் கருவி

இணையப் பக்கங்களை உருவாக்கப் பயன்படும் பி.எச்.பி. என்னும் நிரல்மொழியை நம் துறையில் பயில்கிறோம். ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1994இல் தமது சொந்த இணையப் பக்கத்திற்காக எழுதத் தொடங்கி, 1995இல் வெளியிட்ட சிறு கருவிதான் இன்று இவ்வளவு வளர்ந்திருக்கிறது. இணையப் பணிக்கெனப் பிறந்த மொழியாயினும், கோப்புகளைக் கையாளத் தேவையான ஆணைகள் யாவும் இதில் உண்டு. ‘ஸ்கேன்டிர்’ என்ற ஆணை ஒரு கோப்புறையில் உள்ளவற்றைப் பட்டியலிடும். ‘எம்கேடிர்’ புதிய கோப்புறையை உருவாக்கும். ‘ரீநேம்’ பெயரை மாற்றும். வேறு கோப்புறைக்கு இடம் மாற்றுவதும் அதே ஆணைதான்.

பெயர் மாற்றமும் இட மாற்றமும் ஒரே செயலா என்று வியக்க வேண்டாம். ஒரே வட்டுக்குள் இடம் மாறும்போது கோப்பின் உள்ளடக்கம் அசைவதே இல்லை. கோப்புறை என்னும் பதிவேட்டில் உள்ள ஒரு வரி மட்டுமே திருத்தப்படுகிறது. நூலகத்தில் நூல் இருந்த இடத்திலேயே இருக்க, அட்டையை மட்டும் மாற்றி எழுதுவது போன்றது அது. அதனாலேயே ஆயிரம் கோப்புகளுக்குச் சில நொடிகளில் பெயர் மாற்றிவிட முடிகிறது. வேறு வட்டுக்கு மாற்றும்போது மட்டும் படியெடுத்து, பின்னர் மூலத்தை அழிக்க வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கும்.

நான் செய்த பிழை

இருபது வரிகளில் ஒரு நிரல் எழுதினேன். எல்லாக் கோப்புறைகளையும் திறந்து, உள்ளே உள்ள படங்களை ‘கரை’ என்ற ஒரே கோப்புறைக்கு மாற்றுவதே அதன் வேலை. இயக்கினேன், முடிந்தது. மகிழ்ச்சியோடு எண்ணிப் பார்த்தேன். 2,140 இருக்க வேண்டிய இடத்தில் 1,828 மட்டுமே இருந்தன. 312 படங்களைக் காணவில்லை.

காரணம் எளியது. அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், ‘ரீநேம்’ எச்சரிக்கை எதுவும் செய்யாமல் அதன்மேல் புதியதை அமர்த்திவிடும். பழையது போய்விடும். நாம் கையால் அழிக்கும் கோப்பு குப்பைத்தொட்டிக்குச் செல்லும். நிரல் இவ்வாறு நீக்கும் கோப்பு அங்கும் செல்லாது. கையேட்டில் இச்செய்தி ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரியை நான் பிறகுதான் படித்தேன்.

அலமாரியில் இருந்த பழைய குறுந்தகடுகளிலிருந்து 270 படங்கள் திரும்பக் கிடைத்தன. எஞ்சிய 42 கிடைக்கவே இல்லை. சில நாள் கழித்துப் பெரியப்பா கேட்டார்: “தம்பி, ஏலக்கொட்டகை நின்ன படத்தக் காணோமே? முன்னால மூணு வரிசை தென்னை இருக்குமே, அது.” நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “படம் போனா போவட்டும்னு மறுபடி எடுக்கலாம்னா, அந்த எடமும் இல்லியேடா” என்றார். கொட்டகை நின்ற இடத்தில் இப்போது அலை அடிக்கிறது.

உப்பளப் பாத்தி முறை

அதன்பின் முறையாகச் செய்தேன். எனக்கு வழிகாட்டியது மரக்காணத்து உப்பளம். அங்கே கடல்நீரை நேரே கடைசிப் பாத்தியில் விடுவதில்லை. முதலில் ஒரு பாத்தியில் தேக்கி, அடுத்ததில் வெயிலில் சுண்டவிட்டு, அதன் பிறகே உப்பு விளையும் பாத்திக்குத் திருப்புவர். ஒவ்வொன்றுக்கும் இடையே வரப்பு உண்டு. நிரலிலும் அவ்வாறே மூன்று கோப்புறைகள் அமைத்தேன்.

முதலாவது ‘மூலம்’. இதில் உள்ளவற்றை நிரல் படிக்கலாம், தொடக்கூடாது. இடம் மாற்றாமல் ‘காப்பி’ என்ற ஆணையால் படியெடுத்தே அடுத்த கோப்புறைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அந்த ஆணையும் இருக்கும் கோப்பின்மேல் எழுதிவிடும் இயல்புடையதே. எனவே ‘ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்’ என்ற ஆணையால் அப்பெயரில் கோப்பு உண்டா என்று முதலில் கேட்டு, உண்டெனில் எண்ணைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இரண்டாவது ‘சோதனை’. இங்கே நிரல் உடனே எதையும் செய்வதில்லை. பழைய பெயர் இன்னது, புதிய பெயர் இன்னது என்று ஒரு பட்டியலை மட்டும் அச்சிடும். அதைக் கண்ணால் பார்த்துச் சரி என்றபின்பே செயல். அப்பட்டியலைச் சேமித்தும் வைத்தால், தவறு நேர்ந்தபோது அதையே திருப்பி இயக்கிப் பழைய பெயர்களை மீட்கலாம்.

மூன்றாவது ‘நிறைவு’. இரு புறத்து எண்ணிக்கையும் ஒத்துவந்தால் மட்டுமே இதற்குள் அனுமதி.

இன்னொன்றும் கூற வேண்டும். பி.எச்.பி. நிரலை உலாவி வழியாக இயக்கினால், இயல்பான அமைப்பில் முப்பது நொடி வரம்பு உண்டு. நீண்ட பணி பாதியில் அறுந்து, பாதிக் கோப்புகள் புதுப் பெயரிலும் பாதி பழைய பெயரிலும் நின்றுவிடும். கட்டளைத் திரையிலிருந்து இயக்கினால் அவ்வரம்பு இல்லை.

எந்தப் பெயர் நல்ல பெயர்?

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முதலில் வைப்பதே சிறந்தது. 1988இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் பன்னாட்டுத் தரமும் இவ்வரிசையையே வகுத்தது. இவ்வாறு பெயரிட்டால் அகரவரிசையே கால வரிசையாகிவிடும். வரிசை எண்ணை 1, 2, 10 என்று எழுதினால் கணிப்பொறி 1, 10, 2 என்று அடுக்கும். 001, 002, 010 என்று சுழியிட்டு எழுதுக.

தேதியை எங்கிருந்து பெறுவது? கேமரா படத்துக்குள்ளேயே எடுத்த நேரத்தைப் பதிந்து வைக்கிறது. ‘எக்ஸிஃப்’ எனப்படும் அக்குறிப்பைப் பி.எச்.பி.யால் படிக்க முடியும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. வருடியில் எடுத்த படத்தில் வருடிய நாளே இருக்கும். வாட்ஸ்அப் வழி வந்த படத்தில் அக்குறிப்பு நீங்கியிருக்கும். கேமராவின் கடிகாரமே தவறாக இருந்திருக்கலாம். அத்தகைய படங்களுக்குப் பெரியப்பாவின் அருகில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல நானே பெயரிட்டேன். நிரலால் இயலாத பகுதி அது.

ஒகரம் தந்த தொல்லை

ஊர்ப் பெயரைத் தமிழிலேயே கோப்பில் இட விரும்பினேன். ‘பொம்மையார்பாளையம்’ என்ற பெயருக்கு எத்தனை எழுத்து? நாம் ஒன்பது என்போம். யூனிகோடு முறையில் குறியீடுகள் பதினேழு. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு ஆகையால் வட்டில் ஐம்பத்தொரு பைட்டு. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்டு உச்சம். அதாவது தமிழில் 85 குறியீடுகள். பைட்டுக் கணக்கில் பெயரை வெட்டினால் எழுத்து நடுவே உடைந்துபோகும்.

இதைவிட நுட்பமான தொல்லை முதலெழுத்தில் இருந்தது. ‘பொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு இரு வேறு பெயர்கள். சில எழுத்துரு மாற்றிகளும், ஆப்பிள் கணிப்பொறிகளின் பழைய கோப்பு முறையும் இரண்டாம் வடிவத்தைத் தரும். ஆகவே ஒரே ஊர்ப் பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே நிற்கக் கண்டு திகைத்தேன். பி.எச்.பி.யில் உள்ள ‘நார்மலைசர்’ என்னும் கருவியால் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொணர்ந்தபின் அத்தொல்லை தீர்ந்தது. தமிழில் பெயரிடுவோர் அனைவரும் நினைவில் கொள்ளத்தக்கது இது.

நிறைவாக

எங்கள் ஊருக்குத் தெற்கே, புதுச்சேரிக் கடற்கரையில், 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் உள்ளது. அங்குள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அச்சுவடிகளின் கட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஏடுகளிலும் எண் உண்டு. கயிறு அறுந்து ஏடுகள் சிதறினாலும் அடுக்கிவிடலாம். நம் முன்னோர் ஏட்டுக்குச் செய்ததை நாம் கோப்புக்குச் செய்யக் கூடாதா?

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பழைய படங்கள் எங்கோ ஒரு வட்டில் எண்களாக உறங்கிக் கொண்டிருக்கும். அவற்றுக்குப் பெயரிடுங்கள்; படத்தில் இருப்பதைச் சொல்லத் தெரிந்தவர் அருகில் இருக்கும்போதே பெயரிடுங்கள். அதற்குமுன் ஒரு படி எடுத்து வையுங்கள். எங்கள் ‘நிறைவு’ கோப்புறையில் இன்று 2,098 படங்கள் உள்ளன. மீதி நாற்பத்திரண்டுக்கும் பட்டியலில் இடம் விட்டு, பெரியப்பா நினைவிலிருந்து சொன்னதை அந்த எண்களுக்கு நேரே எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வரியில், ‘ஏலக்கொட்டகை, முன்னால் மூன்று வரிசைத் தென்னை’ என்று இருக்கும்.