ரூ.2,100 அடுப்பா? ரூ.7,400 அடுப்பா? பாத்திரக்கடையில் திகைத்து நின்ற தம்பதி!

மாலை 6 மணி. சென்னை புரசைவாக்கத்தில் ஒரு பாத்திரக்கடை. உள்ளே கால் வைக்க இடம் இல்லை.

கூட்டத்துக்கு நடுவே ஒரு தம்பதி மட்டும் அரை மணி நேரமாக ஒரே இடத்தில் நின்றுகொண்டு இருந்தார்கள்.

அவர்கள் முன்னால் 2 கியாஸ் அடுப்புகள். ஒன்று எவர்சில்வர் அடுப்பு. 2 பர்னர். விலை ரூ.2,100. இன்னொன்று கறுப்புக் கண்ணாடி போட்டது. 3 பர்னர். விலை ரூ.7,400. முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படிப் பளபளத்தது.

மனைவியின் கை கண்ணாடி மேல். கணவரின் கை சட்டைப் பை மேல்!

"ஏங்க, ஒரு தடவை வாங்கறது. நல்லதா வாங்கிடலாமே" என்றார் மனைவி.

"ஜூன்ல பிள்ளைங்களுக்கு பீஸ் கட்டணும். அதை யோசிச்சியா?" என்றார் கணவர்.

"அக்கா, இன்னிக்கு எல்லாரும் கண்ணாடிதான் கேக்கறாங்க" என்று நடுவில் புகுந்தார் கடைப்பையன்.

இரண்டும் பால் காய்ச்சும். இரண்டும் குழம்பு வைக்கும். அப்படி இருக்க, இடையில் உள்ள ரூ.5,300 எதற்கு?

காலண்டரில் பென்சில் குறி

கணவர் பாரிமுனையில் ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தா. வீடு ஓட்டேரியில். மாமியார், 2 பிள்ளைகளோடு சேர்த்து 5 பேருக்குச் சமையல்.

இவ்வளவு நாளும் வீட்டில் எரிந்தது, 2007-ம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய இலவச கியாஸ் அடுப்பு திட்டத்தில் மாமியார் பெயருக்கு வந்த அடுப்பு. குறை சொல்ல முடியாது. நன்றாகத்தான் உழைத்தது.

அந்த அம்மாளிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. புது சிலிண்டர் மாட்டிய அன்று தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பென்சிலால் குறித்து, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவார்.

முன்பு ஒரு சிலிண்டர் 42 நாள் வந்தது. பிறகு 38 நாள். கடைசியில் 33 நாள்! வீட்டில் ஆள் கூடவில்லை. விருந்தும் இல்லை. பின்னே கியாஸ் எங்கே போனது?

பாத்திரத்தின் அடியைப் பார்த்தால் தெரிந்துவிடும். விறகு அடுப்பில் வைத்ததுபோல் கன்னங்கரேல் என்று கரி!

"பாதிப் பேருக்கு அழுக்குதான்"

"குக்கர், கியாஸ் அடுப்பு ரிப்பேரே..." என்று சைக்கிளில் கூவிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறார்களே, அவர்களில் ஒருவரைப் பிடித்துக் கேட்டோம். 20 வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர். அவர் கூறியதாவது:-

"அடுப்பு போச்சுன்னு கூப்பிடற வீடுங்கள்ல பாதி வீட்டுல அடுப்பு போயிருக்காது சார். அழுக்குதான் போகாம இருக்கும். பால் பொங்கி பர்னர்ல ஊத்தும். ஓட்டை அடைச்சுக்கும். கியாசோட காத்து சரியா கலக்காது. நீலமா எரிய வேண்டியது மஞ்சளா எரியும். அந்தக் கரி இருக்கே, அது முழுசா எரியாத கியாஸ்தான். காசு கரியா போவுதுன்னு சொல்வாங்களே, நிஜமாவே அப்படித்தான்.

பர்னரை ஆற வெச்சுக் கழட்டி, சோப்புத் தண்ணியில ஊறப் போட்டு, ஒவ்வொரு ஓட்டையா ஊசியால குத்தி, நல்லா காய வெச்சு மாட்டினா போதும். இதை வீட்டுலயே செய்யலாம். ஆனா உள்ளே இருக்கற ஜெட்டைத் தொடாதீங்க. அந்த ஓட்டை கொஞ்சம் பெருசானாலும் கியாஸ் அதிகமா வரும்."

இவ்வாறு அவர் கூறினார்.

ஓட்டேரி வீட்டுக்கும் இவர்தான் மெக்கானிக். 2 தடவை சுத்தம் செய்து கொடுத்தார். மூன்றாம் முறை திருகையே கழற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். திருகை மூடிய பிறகும் லேசாக வாசனை. சோப்பு நுரை தடவினால் குமிழி வந்தது. "இதுல இனிமே கை வைக்க மாட்டேன் தாயி. வேற வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

கியாஸ் கசிவு விளையாட்டு அல்ல. சமையல் கியாஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தரையாகப் படியும். ஒரு சுவிட்சைப் போட்டால் போதும்!

ஆக, இந்தத் தம்பதிக்குப் புது அடுப்பு வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. எந்த அடுப்பு என்பதுதான் கேள்வி.

100-க்கு 68

கியாஸ் அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் உண்டு. ஐ.எஸ். 4246 என்று பெயர். ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற வீட்டு அடுப்பு, எரியும் கியாசின் சூட்டில் குறைந்தது 68 சதவீதத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். மீதி சூடு சமையல் கட்டில் நிற்பவரின் முகத்துக்கு!

ரூ.2,100 அடுப்புக்கும் இதே சட்டம்தான். ரூ.7,400 அடுப்புக்கும் இதே சட்டம்தான்.

சரி, விலை கூடிய அடுப்பு 72 சதவீதம் கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

40 நாளுக்கு ஒரு சிலிண்டர் என்றால் வருடத்துக்கு 9 சிலிண்டர். 68-க்கும் 72-க்கும் உள்ள வித்தியாசத்தில் மிச்சமாவது வருடத்துக்கு அரை சிலிண்டர். 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் 2025 ஏப்ரலில் விலை ஏறியபோது சென்னையில் ரூ.868.50 ஆனது. அந்த விலைக்குப் பார்த்தால் வருடத்துக்கு ரூ.434 லாபம்.

கூடுதலாகப் போட்ட ரூ.5,300 திரும்பி வர 12 வருடம் ஆகும்! பெரியவன் காலேஜ் முடித்துவிடுவான்.

அதுவும் அந்த 72 உண்மையாக இருந்தால்தான். கண்ணாடி போட்டதாலேயே அடுப்பு சிக்கனமாக எரிந்துவிடாது. பெட்டியில் நட்சத்திரக் குறி ஒட்டியிருக்கிறதா, எத்தனை நட்சத்திரம் என்று பார்க்க வேண்டும். விலைச்சீட்டை மட்டும் பார்த்துப் பயன் இல்லை.

இதற்கு நேர்மாறான கணக்கு ஒன்றும் இருக்கிறது. அதுதான் பயமுறுத்துகிறது. 42 நாள் வந்த சிலிண்டர் 33 நாளில் தீர்ந்ததே, அந்தக் கணக்கு. வருடத்துக்கு 2 சிலிண்டருக்கு மேல் கூடுதல் செலவு. ஏறத்தாழ 2 ஆயிரம் ரூபாய்! புது அடுப்பின் விலையைப் பழைய அடுப்பு ஒரே வருடத்தில் தின்றுவிட்டது.

கவிழ்த்துப் பாருங்கள்

அடுப்பு வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் மேலே தடவிப் பார்க்கிறார்கள். யாரும் கவிழ்த்துப் பார்ப்பது இல்லை. விஷயம் அடியில்தான் இருக்கிறது.

பர்னரை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். கனக்க வேண்டும். பித்தளை பர்னர் சூட்டைத் தாங்கும். உப்புத் தண்ணீர் பொங்கி ஊற்றினாலும் சீக்கிரம் அரிக்காது. லேசான உலோகத்தில் செய்தது நாளடைவில் வளைந்துபோய், உட்கார வேண்டிய இடத்தில் சரியாக உட்காராது. ஜுவாலை ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து எரியும்.

அடுத்தது பாத்திரம் வைக்கிற கம்பி. பையனிடம் ஒரு பெரிய குண்டானை வாங்கி மேலே வைத்து ஆட்டிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். 5 பேர் சோற்றுக்குக் கொதிக்கிற உலை அது. பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற சமையல் கட்டில் அடுப்பு ஆடினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியது இல்லை. மலிவு அடுப்பில் தகடும் மெலிசு, கம்பியும் மெலிசு. நூறு இருநூறு கூடக் கொடுக்கலாம் என்றால் இந்த இடத்தில் கொடுக்கலாம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு லைசென்ஸ் எண்ணும் இருக்கும். கையில் ஸ்மார்ட்போன் இருந்தால் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டு, முத்திரை அசலா போலியா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். நடைபாதையில் முத்திரையே இல்லாமல் குவித்து வைத்து விற்கிறார்களே, அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கண்ணாடி வெடிக்குமா?

கண்ணாடி அடுப்பு அழகு. துடைப்பதும் சுலபம். அதை மறுக்க முடியாது. நாள் முழுக்க அடுப்பங்கரையில் நிற்பவருக்கு அந்த அழகும் ஒரு சந்தோஷம்தான். அந்த அம்மாள் ஆசைப்பட்டதில் தப்பே இல்லை.

ஆனால் அது சூடேற்றிப் பதப்படுத்திய கண்ணாடி. உடைந்தால் கீறல் விழுந்து நிற்காது. மொத்தமும் சின்னச் சின்னத் துண்டுகளாகச் சிதறிவிடும். ஓரத்தில் அடி பட்டாலும், அளவுக்கு மீறிய அகலப் பாத்திரத்தை வெகுநேரம் வைத்து எரித்தாலும், கொதிக்கும் கண்ணாடி மேல் பச்சைத் தண்ணீர் தெளித்தாலும் ஆபத்து. இட்லிக் கொப்பரை, அண்டா என்று வைத்துப் புழங்குகிற வீட்டுக்கு எவர்சில்வர்தான் தைரியம்.

கண்ணாடிக்குத் தனி உத்தரவாதம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "உண்டு சார்" என்று வாயால் சொல்வது பில்லில் வராது!

மூன்றாவது பர்னர் தேவையா? 4 பேருக்கு மேல் உள்ள வீட்டில் காலை நேர அவசரத்துக்கு உதவும். சமையல் மேடை குட்டையாக இருந்தால் 3 பாத்திரம் ஒன்றோடு ஒன்று இடிக்கும். வீட்டிலேயே மேடையை முழம் போட்டு அளந்துகொண்டு போவது நல்லது. தீக்குச்சி இல்லாமல் தானாகப் பற்றும் வசதிக்கும் தனி விலை. அதில் நாலு நாள் பால் பொங்கினால் பிறகு லைட்டர்தான் துணை.

டீக்கடை, மெஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: உங்களுக்கு 19 கிலோ வணிக சிலிண்டரும் அதற்கான அடுப்பும்தான். வீட்டு சிலிண்டரைக் கடையில் வைத்தால் பறிமுதல் ஆகும்.

டியூபை மறக்காதீர்கள்

ஒரு காலத்தில் கியாஸ் இணைப்புக்கே வருடக்கணக்கில் காத்துக் கிடந்தோம். அதுவரை மண்ணெண்ணெய் கியூவும் பம்ப் ஸ்டவ்வும்தான். ஏஜென்சியில் கொடுத்த அடுப்பைக் கும்பிட்டு வாங்கி வந்தோம். இப்போது அப்படி இல்லை. எங்களிடம்தான் அடுப்பு வாங்க வேண்டும் என்று ஏஜென்சி கட்டாயப்படுத்த முடியாது. ஐ.எஸ்.ஐ. அடுப்பு எந்தக் கடையில் வாங்கினாலும் செல்லும்.

அடுப்புக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் டியூபுக்கு யோசிக்கிறார்கள். 'சுரக்ஷா' டியூபை 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். டியூபின் மேலேயே தேதி அச்சடித்து இருக்கும். கசிவு என்று சந்தேகம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள்.

கடைசியில் என்ன வாங்கினார்கள்?

ரூ.2,100 அடுப்பையும் வாங்கவில்லை. ரூ.7,400 அடுப்பையும் வாங்கவில்லை!

கடைப்பையன் காட்டாமல் கீழ்த்தட்டில் வைத்திருந்த ஓர் எவர்சில்வர் அடுப்பை அந்த அம்மாளே குனிந்து இழுத்தார். 2 பர்னர். இரண்டும் பித்தளை. கம்பி கனம். விலை ரூ.3,200. பேரம் பேசி ரூ.2,950-க்கு முடித்தார். புது டியூபும் கேட்டு வாங்கினார்.

"கண்ணாடி வேணாமா?" என்று கணவரே ஒரு மாதிரிக் கேட்டார்.

"அடுத்த வீடு மேடை பெருசா இருந்தா பாக்கலாம்ங்க" என்று சிரித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக் கணவர் கையில் கொடுத்தார் மனைவி.

ஓட்டேரிக்கு ஆட்டோ பிடித்தார்கள். மறுநாள் காலையில் பால் காய்ச்சியாகிவிட்டது. ஜுவாலை நல்ல நீலம். காலண்டர் தாளும் பென்சில் குறியோடு அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் போய்விட்டது.

"எத்தனை நாள் வரும் அம்மா?" என்று கேட்டோம்.

"அதுக்குள்ள என்ன அவசரம்? 40 நாள் கழிச்சு வாங்க, சொல்றேன்" என்றார்.