தராசு கற்பிக்கும் கல்வி

கல்லூரியில் வேதியியலை முதன்மைப் பாடமாக எடுத்து முதலாண்டு பயிலும் மாணவி ஒருத்தி, விடுமுறைக்கு ஊர் வந்திருந்த சமயம், தன் தந்தையுடன் எம்மைக் காண வந்தாள். பள்ளியில் தமிழ் வழியில் பயின்று உயர்ந்த மதிப்பெண் பெற்றவள் அவள். கல்லூரியின் முதல் தேர்விலோ நூற்றுக்கு இருபத்தேழுதான் கிடைத்தது. "ஹஜ்ரத்! இந்தப் படிப்பு இவளுக்கு ஒத்து வராது போலிருக்கிறது. நிறுத்திவிடலாமா?" என்று தந்தை கேட்டார். மகள் தலைகுனிந்து நின்றாள்.

இதே கேள்வியைச் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு தந்தை எம்மிடம் கேட்டதுண்டு. பாடத்தின் தன்மையை விசாரியாமலே, "உங்கள் விருப்பம்" என்று கூறி அனுப்பிவிட்டோம். அப்பிள்ளையின் படிப்பு அத்துடன் நின்றது. அந்த வருத்தம் இன்றளவும் எம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. ஆகவே இம்முறை, "எந்த இடத்தில் இடறினாய் மகளே? எமக்கு விளங்கும்படி சொல்" என்றோம். "மோல் என்னும் இடத்தில்தான் ஹஜ்ரத்" என்றாள்.

அன்று அவள் சொல்ல நாம் கேட்டறிந்ததை வாசகர்களுக்கும் கூறுகிறோம். இரும்புக் கடையில் ஆயிரம் ஆணி கேட்டால், கடைக்காரர் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. நூறு ஆணியின் எடை கால் கிலோ என்று தெரிந்தால், இரண்டரைக் கிலோ நிறுத்துக் கொடுத்துவிடுவார். நிறுப்பதன் மூலம் எண்ணுவது என்பது இதுவே. கண்ணுக்குத் தெரியாத அணுக்களை எண்ண வேதியியலார் கைக்கொண்ட வழியும் இதுவே ஆகும். கரி 12 கிராம், நீர் 18 கிராம், சமையல் உப்பு 58.5 கிராம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு மோல். சிறிய ஆணி நூறும் பெரிய ஆணி நூறும் எடையில் வேறுபட்டாலும் எண்ணிக்கையில் ஒன்றாவது போல, இவற்றின் துகள்களும் எண்ணிக்கையில் ஒன்றே.

அந்த எண்ணிக்கை 602 என்று எழுதி அதன்பின் 21 சுழியங்கள் இட்டால் வருவதற்குச் சற்றே மிகுந்தது. ஒரு வாய் நீரில் அடங்கும் இந்தத் துகள்களை எண்ணூறு கோடிப் பேர் கூடி, ஆளுக்கு நொடிக்கு ஒன்றாக இரவு பகல் ஓயாது எண்ணினாலும், எண்ணி முடிக்க 23 லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும். 2019ஆம் ஆண்டு முதல் இவ்வெண்ணையே அடிப்படையாகக் கொண்டு மோல் என்னும் அலகு வரையறுக்கப்பட்டுள்ளது.

அவள் இடறிய அடுத்த இடம், வினையில் எப்பொருள் முதலில் தீரும் என்னும் கணக்கு. வலீமா விருந்தில் ஒரு சஹனுக்குக் கோழி ஒன்று, முட்டை இரண்டு என்று வைத்துக்கொள்வோம். முப்பது கோழியும் நாற்பது முட்டையும் இருந்தால் எத்தனை சஹன் வைக்கலாம்? இருபதுதான். எண்ணிக்கையில் மிகுந்த முட்டையே முதலில் தீர்ந்துவிடுகிறது. பத்துக் கோழி மிஞ்சுகிறது. அவ்வாறே 10 கிராம் ஹைட்ரஜனும் 32 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்து வினைபுரிந்தால், கிடைப்பது 36 கிராம் நீர். எடையில் மிகுந்த ஆக்சிஜன் தீர்ந்துபோக, 6 கிராம் ஹைட்ரஜன் மிஞ்சி நிற்கும். சேர்த்ததும் 42, இறுதியில் இருப்பதும் 42. இதனைக் கேட்டதும் அம்மாணவி நிமிர்ந்து, "சஹன் கணக்குதானா இது!" என்றாள்.

இக்கல்வி நமக்கு அந்நியமானதன்று. காரத்தைக் குறிக்கும் 'அல்கலி' என்னும் சொல், செடியின் சாம்பலைக் குறித்த அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 'ஆல்கஹால்' என்பதோ நாம் கண்ணுக்கு இடும் சுர்மாவைக் குறிக்கும் 'அல்குஹ்ல்' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. பொருள்களை வகைப்படுத்தியும் ஆய்வுக் கருவிகளை விவரித்தும் நூல் செய்தார் அர்ராஸி. 1121ஆம் ஆண்டில் அல்காஸினி தராசைப் பற்றியே ஒரு பெருநூல் இயற்றினார். அளவையில் மோசம் செய்வோரைக் குறித்துத் திருமறையில் தனி அத்தியாயமே இருக்க, இச்சமுதாயம் தராசை மதித்ததில் வியப்பென்ன?

எனினும், முன்னோர் பெருமை ஒரு கணக்கையும் போட்டுத் தராது. அதே தராசைக் கொண்டு லவாய்சியர் பிரான்சில் புதிய வேதியியலுக்கு அடித்தளமிட்டார். அவருடைய நூல் 1789இல் வெளிவந்தது. 1808இல் டால்டன் அணுக் கொள்கையை விரித்துரைத்தார். 1869இல் மெண்டலீவ் தனிமங்களை அட்டவணைப்படுத்தினார். தராசை யார் கையில் எடுத்து உழைக்கிறார்களோ, அவர்களுக்கே அது வாய் திறக்கிறது.

அப்படியானால் நன்கு படித்த பிள்ளைகள் முதலாண்டில் ஏன் தடுமாறுகின்றனர்? பள்ளியில் பலர் மனனம் செய்து வென்றவர்கள். கல்லூரியோ காரணத்தைக் கேட்கிறது. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. மோல் விளங்காதவனுக்கு வாயு விதிகளும், வெப்பக் கணக்கும், வேதிச் சமநிலையும், அமில காரமும் வரிசையாக இருண்டுவிடுகின்றன. அலிஃப் பே அறியாதவனை ஓத வைத்தாற்போன்றதே இது. எனவே பின்வாங்குவதன்று, முதற்பாடத்திற்குத் திரும்புவதே மருந்து. நாள்தோறும் சில கணக்குகளேனும் கையால் போடவேண்டும். ஒவ்வோர் எண்ணுடனும் அதன் அலகை எழுதவேண்டும். விளங்காததைக் கேட்க வெட்கப்படலாகாது.

ஆய்வுக்கூடமும் ஒரு பள்ளியே. குடுவையிலுள்ள அமிலத்தில் பியூரெட்டிலிருந்து காரம் சொட்டுச் சொட்டாக விழும். ஒரே ஒரு சொட்டில் வெளிறிய இளஞ்சிவப்பு தோன்றி நிலைக்கும். அவசரப்பட்டு இரண்டு சொட்டு மிகுதியாக விட்டவர், கண்ட அளவை மாற்றி எழுதாமல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பொறுமையையும் நேர்மையையும் அங்கே கற்கலாம்.

பெற்றோர்களே! ஒரு தேர்வின் எண், உங்கள் பிள்ளையின் அறிவுக்கு எல்லை அன்று. நிறுத்திவிடலாமா என்று கேட்பதற்கு முன், எந்த இடத்தில் இடறினாய் என்று கேளுங்கள். பாடம் உங்களுக்கு விளங்கவேண்டும் என்பதில்லை; காது கொடுத்தால் போதும், சொல்லும்போதே பிள்ளைக்கு விளங்கத் தொடங்கும். அத்தந்தை மகளை மீண்டும் கல்லூரிக்கு அனுப்பிவைத்தார். வழியனுப்புகையில், "அடுத்த விடுமுறையில் இன்னொரு பாடம் சொல்லித் தருகிறேன் ஹஜ்ரத்" என்றாள் அவள். இன்ஷா அல்லாஹ், மாணவனாக நாம் காத்திருக்கிறோம்.