சாக்லேட்டுக்கும் மொய்க்கணக்கு உண்டு

பிப்ரவரி 14 அன்று டோக்கியோவில் ஓர் அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்தால், பையும் கையுமாக மேசை மேசையாகப் போவது பெண்களாகத்தான் இருக்கும். மேலதிகாரிக்கு ஒரு பெட்டி, பக்கத்து இருக்கைக்காரருக்கு ஒன்று, ஓய்வு பெறப்போகும் மூத்த ஊழியருக்கும் ஒன்று. ஆண்கள் அன்றைக்கு எதுவும் தர வேண்டியதில்லை. வாங்கிக்கொண்டு நன்றி சொன்னால் போதும். அவர்களுடைய முறை சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 14 அன்று வருகிறது.

ரோஜாவோடு ஆண் காத்து நிற்பதுதான் காதலர் தினம் என்று சினிமா பார்த்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் யார் முதலில் கொடுப்பது, எதைக் கொடுப்பது, வாங்கியவர் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு நாட்டுக்கு நாடு பதில் வேறு. அந்தப் பதில்களில் பலவற்றை எழுதியவர்கள் காதலர்கள் அல்லர், வியாபாரிகள். அதற்காக வியாபாரி விரித்த கடையெல்லாம் ஓடிவிடவும் இல்லை. அந்தந்த ஊரின் பழைய கொடுக்கல் வாங்கலோடு ஒத்துப்போனதுதான் நிலைத்தது.

ஜப்பானில் இது நிலைக்கவே கொஞ்ச காலம் பிடித்தது. 1936இல் கோபே நகரின் மொரோசாஃப் மிட்டாய் நிறுவனம், அங்கே வாழ்ந்த வெளிநாட்டவர் படிக்கும் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் காதலர் தினச் சாக்லேட்டுக்கு விளம்பரம் கொடுத்தது. உள்ளூர்க்காரர்களை அது எட்டவில்லை. 1958இல் மேரி சாக்லேட் நிறுவனம் டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியிலுள்ள இசேதான் பேரங்காடியில் கடை விரித்து, கிட்டத்தட்ட ஈயோட்டியது. மறு ஆண்டு இதய வடிவச் சாக்லேட்டோடு வந்தார்கள். பேரங்காடிகளுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆகவே, பெண்ணே தன் மனதைச் சொல்லும் நாள் இது என்று விளம்பரம் பேசியது. வெளிப்படையாகக் காதலைச் சொல்லப் பெண்கள் தயங்கிய சமூகத்தில், ஆண்டுக்கு ஒரு நாள் கிடைத்த அனுமதி போல அது ஆனது. 1970களில் வழக்கம் வேர்பிடித்துவிட்டது.

பிறகுதான் சாக்லேட்டுக்குள் சாதிகள் பிறந்தன. மனதுக்குப் பிடித்தவனுக்குக் கொடுப்பது 'ஹொன்மெய்'. பலர் இதைக் கடையில் வாங்காமல் சாக்லேட்டை உருக்கி, அச்சில் ஊற்றி, வீட்டிலேயே செய்வார்கள். உடன் வேலை செய்பவர்களுக்குக் கடமைக்காகக் கொடுப்பது 'கிரி'. தோழிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதற்கும் தனிப்பெயர் உண்டு. பெட்டியின் அளவையும் கட்டியிருக்கும் நாடாவையும் பார்த்தே தனக்கு வந்தது எந்த வகை என்று வாங்குகிறவர் கணக்குப் போட்டுவிடுவார்.

வாங்கியதைத் திருப்ப வேண்டாமா? ஃபுகுஓகாவின் இஷிமுரா மன்செய்தோ என்ற இனிப்புக் கடைக்கு இந்தக் கேள்வியே முதலீடானது. பெண்கள் கொடுக்கிறார்கள், ஆண்கள் ஒன்றும் திருப்புவதில்லையே, ஒரு மார்ஷ்மெல்லோவாவது தரக்கூடாதா என்று ஒரு வாசகி பத்திரிகைக்கு எழுதியதைப் படித்து யோசனை பிறந்ததாகக் கடையின் தரப்பு சொல்கிறது. அவர்கள் தயாரித்ததும் மார்ஷ்மெல்லோதான். 1978இல் மார்ச் 14ஐ 'மார்ஷ்மெல்லோ நாள்' ஆக்கினார்கள். 1980இல் நாடு முழுவதுமுள்ள இனிப்புத் தயாரிப்பாளர்கள் சேர்ந்து அதே தேதியை 'ஒயிட் டே' என்று பரப்பினார்கள். வேடிக்கை என்னவென்றால், பதிலுக்கு மிட்டாய் வந்தால் விருப்பம், குக்கீ வந்தால் வெறும் நட்பு, மார்ஷ்மெல்லோ வந்தால் விருப்பமில்லை என்று இன்றைய இளைஞர்கள் அர்த்தம் சொல்கிறார்கள்.

மூன்று மடங்காகத் திருப்ப வேண்டும் என்ற பேச்சும் ஜப்பானில் உண்டு. பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நோட்டில் ஏறிய தொகை அடுத்த விருந்தில் கூடுதலாகத்தான் திரும்ப வேண்டும். ஜப்பானியர்களும் திருமணம், சாவு, உடல்நலக்குறைவு என எதற்குப் பணம் வந்தாலும் பதில் பரிசு அனுப்பிக் கணக்கை நேர்செய்பவர்கள். சாக்லேட் அந்தப் பழைய பேரேட்டில் ஒரு புதுப் பக்கம்.

தென்கொரியா இரண்டு நாட்களையும் அப்படியே எடுத்துக்கொண்டு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தது. இரண்டு மாதமும் வெறுங்கையோடு நின்றவர்கள் ஏப்ரல் 14 அன்று உணவகங்களில் கூடி, கறுப்பு அவரைச் சாந்து ஊற்றிய ஜாஜாங்மியோன் நூடுல்ஸைச் சாப்பிடுகிறார்கள். 'பிளாக் டே' என்று பெயர். பரிசு வராததற்கும் ஒரு பண்டிகை, அதற்கும் ஒரு வியாபாரம்!

பிரேசிலில் பிப்ரவரி என்றால் கார்னிவல் நினைப்பு. அங்கே காதலர் தினம் ஜூன் 12. ஜூனில் விற்பனை மந்தமாக இருக்கிறதே என்று சாவ் பாவ்லோ கடை ஒன்று கேட்டதற்காக, ஜோவாவ் டோரியா என்ற விளம்பரக்காரர் 1940களின் இறுதியில் போட்ட திட்டம் இது. தேதியைச் சாமர்த்தியமாகத்தான் பிடித்தார். மறுநாள் புனித அந்தோணியார் திருநாள். நல்ல வரன் வேண்டிப் பெண்கள் நேர்ந்துகொள்ளும் புனிதர் அவர். ஆகவே மக்களுக்கு அது புதுப் பண்டிகையாகவே தோன்றவில்லை. அங்கே ஆணுக்கு முன், பெண்ணுக்குப் பின் என்ற வரிசையும் கிடையாது. இருவரும் ஒரே நாளில் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள்.

ஸ்பெயினின் கத்தலோனியாவில் ஏப்ரல் 23, புனித ஜோர்டி திருநாள். அன்று ரோஜா கொடுப்பது நூற்றாண்டுகள் பழைய வழக்கம். புத்தகம் பின்னால் வந்து சேர்ந்தது. வலென்சியாவைச் சேர்ந்த விசென்ட் கிளாவெல் என்ற பதிப்பாளரின் யோசனையால் 1926இல் ஸ்பெயின் புத்தக நாள் கொண்டாடத் தொடங்கியது. அப்போது அது அக்டோபரில் இருந்தது. 1930இல் ஏப்ரல் 23க்கு மாறியதும் பூவும் புத்தகமும் ஒரே நாளில் சந்தித்தன. ஆண் ரோஜா கொடுப்பான், பெண் புத்தகம் கொடுப்பாள் என்பது பழைய முறை. பெண்களுக்கு மட்டும் புத்தகம் கிடையாதா என்ற கேள்வி எழுந்து, இப்போது இரண்டும் இரு பக்கமும் போகின்றன. பார்சலோனாவின் ரம்ப்லா வீதி நெடுகப் புத்தகக் கடைகள் முளைக்கும். எழுத்தாளர்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்கள். விற்கிற ஒவ்வொரு சிவப்பு ரோஜாவோடும் ஒரு கோதுமைக் கதிரைச் சேர்த்து, கத்தலோனியக் கொடியின் மஞ்சள் சிவப்பு நாடாவால் கட்டித் தருவார்கள். 1995இல் யுனெஸ்கோ உலகப் புத்தக நாளாக அறிவித்ததும் இதே தேதியைத்தான்.

பின்லாந்தில் பிப்ரவரி 14 நண்பர்கள் தினம். வாழ்த்து அட்டையோடு முடிந்துவிடுகிறது, கடன் சுமை இல்லை.

அந்தச் சுமை ஜப்பானில் இப்போது பலருக்குக் கசக்கிறது. கடமைச் சாக்லேட்டை நிறுத்திக்கொண்ட அலுவலகங்கள் உண்டு. தனக்கென்றே விலையுயர்ந்த சாக்லேட் வாங்கிக்கொள்ளும் பெண்களும் பெருகிவிட்டார்கள். 2018 பிப்ரவரி 1 அன்று கோடிவா சாக்லேட் நிறுவனம் நிக்கேய் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, கடமைக்குச் சாக்லேட் கொடுப்பதை நிறுத்துவோம் என்றது. இதைப் பெண் ஊழியர்களிடம் எடுத்துச் சொல்லும்படி நிறுவனத் தலைவர்களையும் கேட்டுக்கொண்டது. சாக்லேட் விற்பவரே சாக்லேட் வேண்டாம் என்கிறாரே என்று நாடே பேசியது. கோடிவாவோ விலை கூடிய சரக்கு. சில பத்து யென்னுக்கு விற்கும் 'பிளாக் தண்டர்' சாக்லேட்டைத் தயாரிக்கும் யூராகு நிறுவனம், கொடுத்தாலே கடமைக்குத்தான் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும் சாக்லேட் இது என்று சொல்லியே தன் சரக்கை விற்றுவந்தது. கோடிவாவின் விளம்பரம் வந்ததும், அவர் வழி அவருக்கு, எங்கள் வழி எங்களுக்கு என்ற தொனியில் சமூக வலைதளத்தில் பதில் போட்டுவிட்டு, கடமைச் சாக்லேட் வியாபாரத்தைத் தொடர்ந்தது.