டொட்டோரோ காட்டுக்குக் கோடாரி வேண்டும்

ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டொட்டோரோ' (1988) அனிமேஷன் படத்தில், நான்கு வயது மெய் வீட்டுத் தோட்டத்தில் ஓக் கொட்டை ஒன்றைக் கண்டெடுக்கிறாள். அடுத்தது, அதற்கடுத்தது என்று பொறுக்கிக்கொண்டே போகிறவளின் கண்ணில் வெள்ளையாக ஒரு குட்டிப் பிராணி படுகிறது. அதைத் துரத்திக்கொண்டு புதருக்குள் நுழைந்தவள், பெரிய கற்பூர மரத்தின் வேரடிப் பொந்துக்குள் உருண்டு விழுந்து, அங்கே தூங்கிக்கொண்டிருக்கும் டொட்டோரோவின் வயிற்றில் ஏறிக்கொள்கிறாள். கரடியா, ஆந்தையா, பூனையா என்று அறுதியிட முடியாத உருவம். மெய்க்குப் பயமே இல்லை.

கதை நடப்பது 1950களில். டோக்கியோவை ஒட்டிய டொகொரொசாவா, மியாசாகி குடியிருந்த ஊர். அங்குள்ள சயாமா குன்றுகள் படத்தின் பச்சைக்கு ஒரு மூலம்.

அன்று அந்தக் குன்றுகளில் இருந்தது கன்னிக்காடு அல்ல, விவசாயிகளின் காடு. 15, 20 வருடங்களுக்கு ஒருமுறை ஓக் மரங்களை அடியோடு வெட்டுவார்கள். விறகுக்குக் கொஞ்சம், கரிமூட்டத்துக்குக் கொஞ்சம். அடிக்கட்டை மறுதாம்பு விட்டு மீண்டும் மரமாகும். குளிர்காலத்தில் சருகைக் கூட்டி அள்ளி மட்கவைத்து, தேயிலைக்கும் காய்கறிக்கும் உரமாகப் போடுவார்கள். இதனால் தரை வரை வெயில் விழுந்தது, பூச்செடிகள் முளைத்தன, வண்டும் வண்ணத்துப்பூச்சியும் வந்தன. மெய் பொறுக்கிய கொட்டைகூட இப்படி அடுப்புக்காக வளர்த்த மரத்தினுடையதாகத்தான் இருக்க வேண்டும். ஒரு குழந்தை தனியாக ஓடித் திரிய முடிந்த காடு, பெரியவர்கள் நித்தம் புழங்கிய காடு. மந்திரம் பாதி, மண்வெட்டி பாதி என்பேன்.

1960களில் எரிவாயு அடுப்பு வந்தது, ரசாயன உரம் வந்தது. காட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலையில்லாத நிலத்துக்கு மனைவிலைதானே மிச்சம்! குன்றின் ஓரங்களில் வீடுகள் ஏறின. 1979இல் பேஸ்பால் மைதானம் வந்தது. டொகொரொசாவா இன்று சுமார் 3.4 லட்சம் பேர் வாழும் நகரம்.

மிஞ்சிய காட்டைக் காக்க, 1990இல் ஊர்க்காரர்கள் நிதி திரட்டி நிலம் வாங்கக் கிளம்பினார்கள். டொட்டோரோவின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்திக்கொள்ள மியாசாகி இசைந்தார். 1991இல் வாங்கிய முதல் துண்டு 1,182 சதுர மீட்டர், நம் கணக்கில் 29 சென்ட். 'டொட்டோரோ காடு' என்று எண் போட்ட துண்டுகள் இப்போது 60க்கும் மேல். இல்லாத ஒரு பிராணியின் பெயரால் இருக்கிற காட்டை மீட்டிருக்கிறார்கள். சினிமாவால் இப்படியொரு காரியம் நடப்பது அபூர்வம்.

ஆனால் வேலி போட்டு விட்டுவிட்டால் இந்தக் காடு பிழைக்காது. வெட்டாமல் விட்ட இடங்களில் குட்டை மூங்கில் இடுப்பளவு மண்டி, இளங்கன்றுகளை அமுக்குகிறது. முற்றிப் பருத்த ஓக் மரங்களைத் தேடி ஒரு சிறு வண்டு வருகிறது. அது சுமந்து வரும் பூஞ்சை நீரோட்டத்தை அடைக்க, கோடையிலேயே இலை பழுப்பேறி மரம் சாகிறது. சமீப வருடங்களில் டோக்கியோ வட்டாரம் முழுக்க இந்த நோய்தான் பேச்சு. விறகுக்கு வெட்டிய காலத்தில் மரங்கள் அவ்வளவு பருமன் ஆனதே இல்லை.

ஆகவே இன்று தன்னார்வலர்கள் விடுமுறை நாட்களில் வந்து மூங்கிலை அறுக்கிறார்கள், சருகு கூட்டுகிறார்கள், சில மரங்களை வெட்டவும் செய்கிறார்கள். பலர் ஓய்வுபெற்ற வயதினர். அந்த விறகை எரிக்கத்தான் அக்கம்பக்கத்தில் அடுப்பு இல்லை.